கடனும் குற்றமும்: நட்சத்திரக் குறியிட்ட ஒரு சொல்லின் வாரிசுகள்

1

சொல்லின் வேரைக் காட்டி வாதத்தை முடித்துவிடுகிற பழக்கம் நம்மிடம் மட்டும் இருக்கிற வியாதி இல்லை. 2010க்கும் 2015க்கும் இடையில் கிரேக்க நாடு கடனில் மூழ்கித் தத்தளித்தபோது ஐரோப்பியப் பத்திரிகைகளில் ஒரு விளக்கம் திரும்பத் திரும்ப அச்சானது. ஜெர்மன் மொழியில் 'ஷுல்ட்' என்றால் குற்றம். அதையே பன்மையாக்கி 'ஷுல்டன்' என்று சொன்னால் கடன். ஆகவே ஜெர்மானியர்களுக்குக் கடன்காரன் என்பவன் குற்றவாளி, அவன் தண்டனை அனுபவித்தே தீரவேண்டும், இதற்கு அவர்கள் மொழியே சாட்சி என்று அந்த விளக்கம் போகும்.

இதைச் சொன்னவர்களில் இரண்டு தரப்பும் உண்டு. ஒரு தரப்பு, இவர்கள் மொழியிலேயே வட்டிக்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்று கேலி செய்தது. இன்னொரு தரப்பு, கடன் வாங்கக் கூசுகிற ஒழுக்கமான ஜனங்கள் என்று மெச்சியது. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: சொல்லின் வேர் ஒரு இனத்தின் ஆன்மாவைச் சொல்லும் என்ற நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா வளர்த்தெடுத்த நம்பிக்கை அது. அதற்கான விலையை 20ஆம் நூற்றாண்டு கொடுத்தது. அதே நம்பிக்கை முற்போக்கு வேஷம் கட்டிக்கொண்டு வரும்போது மட்டும் நாம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இங்கே நான் செய்ய நினைப்பது எளிய காரியம். 'ஷுல்ட்' என்ற சொல்லின் முன்னோரையும் வாரிசுகளையும் வரிசையாக நிறுத்திப் பார்ப்பது. பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பது. கடனைக் குற்றமாக்கியது மொழியா, மொழியைக் கையில் வைத்திருந்தவனா?

2

மூல ஜெர்மானிய மொழியை அதைப் பேசியவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. கிறிஸ்துவுக்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் தென் ஸ்காண்டிநேவியாவிலும் அதை ஒட்டிய வட ஜெர்மனியிலும் பேசப்பட்டிருக்கும் என்று கருதப்படுகிற மொழி அது. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், ஐஸ்லாந்திய மொழி எல்லாம் அதன் பிள்ளைகள். பிள்ளைகளின் சாடையை வைத்துத் தாயின் முகத்தை வரைவதுதான் ஒப்பியல் மொழியியலின் வேலை. வரைந்த முகத்தின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். 'இது எங்கும் எழுதப்பட்டுக் கிடைத்ததில்லை, நாங்கள் மீட்டு உருவாக்கியது' என்று அதற்கு அர்த்தம். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை. கால்டுவெல்லின் 1856ஆம் வருடத்து நூலிலிருந்து தொடங்கும் திராவிட ஒப்பிலக்கணத்தில் பிற்பாடு வந்தவர்கள் போட்ட நட்சத்திரங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

பழைய ஜெர்மனில் 'ஸ்குல்ட்', பழைய சாக்ஸனில் 'ஸ்குல்ட்', பழைய நார்ஸ் மொழியில் 'ஸ்குல்ட்', பழைய ஆங்கிலத்தில் மட்டும் உயிரொலி கொஞ்சம் மாறி 'ஷில்ட்' என்பதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு ஒலி. இவற்றிலிருந்து மீட்கப்படுகிற பெயர்ச்சொல் *ஸ்குல்டிஸ். கடைசியிலிருக்கிற 'இஸ்' எங்கிருந்து வந்தது? அந்த இகரம் அடுத்த அசையில் இருந்ததால்தான் ஆங்கிலத்தின் உகரம் நாக்கின் முன்பக்கம் இழுபட்டது. இகரம் பிறகு உதிர்ந்துவிட்டது, அது இழுத்த இழுப்பு மட்டும் பக்கத்து உயிரில் தங்கிவிட்டது. இல்லாமல் போன ஒன்று, இருக்கிற ஒன்றின் மேல் விட்டுச்சென்ற தடம். 'சுவடு' என்பதைப் பற்றி தெரிதாவை வைத்து நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். மொழியியல்காரர்கள் அதைச் சத்தமில்லாமல் அன்றாட வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

நடுவில் இருக்கிற 'ட்'டுக்கும் ஒரு கதை உண்டு. கிரிம் விதிப்படி அந்த இடத்தில் 'த்' போன்ற ஓர் உரசொலி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முன்னால் இருக்கிற அசையில் அழுத்தம் இல்லாவிட்டால் அந்த ஒலி மெலிந்துபோகும் என்று டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் 1870களில் காட்டினார். ஆக, ஒரு காலத்தில் இந்தச் சொல்லின் அழுத்தம் பின்னொட்டின் மேல் விழுந்திருக்கிறது. யாரும் கேட்டிராத ஒரு குரல் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்பதுவரை சொல்ல முடிகிறது. ஆனால் அந்தக் குரல் யாருடையது, கொடுத்தவனுடையதா வாங்கியவனுடையதா என்று சொல்ல முடியாது. நட்சத்திரக் குறியின் எல்லை அங்கே முடிகிறது. அந்த எல்லையைத் தாண்டி ஒருவர் பேசும்போது அவர் மொழியியல் பேசவில்லை, அரசியல் பேசுகிறார். அரசியல் பேசுவது தப்பில்லை. நட்சத்திரத்தைக் காட்டி அதைப் பேசுவதுதான் தப்பு.

3

*ஸ்குல்டிஸ் ஒரு வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர். 'கொடுக்கவேண்டியிருக்கிறது, கடமைப்பட்டிருக்கிறது' என்பது அந்த வினையின் பொருள். ஆங்கிலத்தில் அது 'ஷல்' என்றும் 'ஷுட்' என்றும் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மனில் 'ஸோல்'. பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் 'ஷல்' என்பதை வெறும் எதிர்காலம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சாஸர் காலத்தில்கூட 'ஷல்' என்றால் 'நான் கொடுக்க வேண்டியிருக்கிறது' என்ற பொருள் வழக்கில் இருந்தது. நம்மூர் வங்கிகளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ஆங்கிலப் பத்திரங்களில் வரிக்கு வரி 'ஷல்' நிற்கிறதே, அது சும்மா நிற்கவில்லை.

இந்த வினையில் ஒரு விசேஷம். வடிவத்தில் அது இறந்தகாலம், பொருளில் நிகழ்காலம். 'எப்போதோ ஒன்று நடந்து முடிந்தது, ஆகையால் இப்போது இப்படி இருக்கிறேன்' என்கிற அமைப்பு. தமிழுக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. இருந்தாலும் 'கடன்பட்டிருக்கிறேன்' என்று நாம் சொல்கிறபோது இதே அமைப்பில்தான் சொல்கிறோம். பட்டது நேற்று, இருப்பது இன்று. கடன் என்பதன் காலம் அப்படிப்பட்டது.

நடந்து முடிந்த அந்த 'ஒன்று' என்ன? இங்கேதான் யாகோப் கிரிம் தன் கற்பனையைத் தட்டிவிட்டார். 'நான் கொன்றுவிட்டேன், ஆகையால் ரத்தப்பணம் கட்டவேண்டியவன் ஆனேன்' என்பதே ஆதிப் பொருள் என்று ஊகித்தார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. கொலையில் பிறந்த கடன், கடனில் பிறந்த சட்டம். பிற்கால ஒப்பியல் அகராதிகள் இந்தக் கொலைக்கதையை ஏற்கவில்லை. அவை காட்டுவது, 'கடன்பட்டிரு' என்கிற ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரை. லித்துவேனிய மொழியில் 'ஸ்கோலா' என்றால் கடன், 'கல்தாஸ்' என்றால் குற்றமுள்ளவன். இரண்டையும் ஒரே வேரின் கீழ்ச் சேர்க்கிறார்கள். ஒன்றில் முன்னால் ஸகரம் ஒட்டியிருக்கிறது, மற்றதில் இல்லை. கடனுக்கும் குற்றத்துக்கும் இடையில் ஓர் ஒற்றெழுத்துதான் தூரம். ஆனால் ஓர் ஒற்றெழுத்து இருந்தாலும் தூரம் தூரம்தான், லித்துவேனியக்காரர் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

4

இப்போது வாரிசுகளைப் பார்ப்போம். ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் மூன்றிலும் இந்தச் சொல் கடனையும் குற்றத்தையும் சேர்த்தே சுமக்கிறது. டேனிஷிலும் நார்வேஜியத்திலும் 'ஸ்குல்' என்று ஒலிக்கிற இதன் வாரிசு குற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டது. கடனுக்கு அவர்கள் வேறொரு சொல்லை வைத்திருக்கிறார்கள், ஜெர்மனில் பணத்தைக் குறிக்கிற 'கெல்ட்' என்ற சொல்லின் உறவு அது. ஐஸ்லாந்திய மொழியில் நேர்த் தலைகீழ்: 'ஸ்குல்ட்' கடனோடு நின்றுகொண்டது, குற்றத்துக்கு வேறு சொற்கள். ஆங்கிலம் இந்தப் பெயர்ச்சொல்லையே தொலைத்துவிட்டது. குற்றத்துக்குத் தன் பழைய சொல் ஒன்றை வைத்துக்கொண்டு, கடனுக்குப் பிரெஞ்சிலிருந்து 'டெட்' என்று கடன் வாங்கிக்கொண்டது.

ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லில் இனத்தின் ஆன்மா இருக்கிறது என்பவர்கள் இந்த வரிசைக்குப் பதில் சொல்லட்டும். கடனையும் குற்றத்தையும் சொல்லிலேயே பிரித்து வைத்திருக்கிற டேன்காரர் கடன்காரனைக் கண்டால் கட்டித் தழுவுகிறாரா? சேர்த்து வைத்திருக்கிற ஸ்வீடன்காரர் கடன்காரனைக் கழுவேற்றுகிறாரா? இரண்டும் இல்லை.

ஐஸ்லாந்திய மொழியில் இன்னொரு கிளை இருக்கிறது. 'ஸ்கில்டுர்' என்றால் கடமைப்பட்டவர் என்றும் அர்த்தம், உறவினர் என்றும் அர்த்தம். குடும்பத்துக்கு அவர்கள் சொல்கிற 'ஃப்யோல்ஸ்கில்டா' என்ற சொல்லுக்குள் இந்த வேர்தான் இருக்கிறது. அந்தச் சொல்லின் பழைய பொருள் 'பல கடமைகள்'. ஒருவருக்கொருவர் கொடுக்கவேண்டியிருப்பதுதான் சொந்தம் என்கிற நினைப்பு இதே *ஸ்குல்டிஸின் வீட்டில்தான் வளர்ந்திருக்கிறது. விதியைத் தீர்மானிக்கும் மூன்று பெண்களில் ஒருத்திக்கு 'ஸ்குல்ட்' என்றே நார்ஸ் புராணம் பெயர் வைத்திருக்கிறது. குற்றவாளிக் கூண்டு, குடும்பம், விதி எல்லாமே ஒரு வேரில். இதில் எதை 'உண்மையான' பொருள் என்று எடுப்பது? எடுப்பவனுடைய தேவையைத்தான் அது காட்டும்.

5

இந்தச் சொல்லைத் தத்துவத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர் நீட்சே. 24 வயதில் பாஸல் பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழியியல் பேராசிரியர் ஆனவர். 1887இல் வந்த 'ஒழுக்கத்தின் மரபுவரிசை' நூலின் இரண்டாம் கட்டுரையில், குற்றம் என்கிற புனிதமான கருத்து, கடன் என்கிற அப்பட்டமான பொருளாதாரக் கருத்திலிருந்து வந்தது என்று அவர் அடித்துச் சொல்கிறார். கடன் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் இடையிலான ஒப்பந்தம்தான் மனசாட்சியின் கருவறை. கட்ட முடியாதவனின் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளக் கொடுத்தவனுக்கு உரிமை இருந்தது என்பதற்கு ரோமானியரின் பன்னிரு பட்டயச் சட்டத்தைக் காட்டுகிறார். பணத்துக்குப் பதில் வலியைப் பார்க்கிற சந்தோஷம். மனசாட்சி வானத்திலிருந்து இறங்கவில்லை, கல்லாப்பெட்டியிலிருந்து ஏறியது என்பதுதான் வாதம்.

இது பெரிய அடி. மதமும் ஒழுக்கமும் தங்களுக்குப் பிறப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவற்றின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வந்தவர் நீட்சே. 1921இல் வால்டர் பெஞ்சமின் எழுதி வைத்து, அவர் இறந்து பல வருடங்களுக்குப் பின் 1985இல் அச்சான ஒரு குறிப்பு, முதலாளியத்தையே ஒரு மதம் என்கிறது. பாவத்தைக் கழுவாத மதம், மேலும் மேலும் கடனாளியாகவும் குற்றவாளியாகவும் ஆக்குகிற மதம். அதைச் சொல்ல 'ஷுல்ட்' என்ற சொல்லின் இரட்டை அர்த்தத்தைத்தான் அவரும் சுட்டுகிறார். 2011இல் லாஸராட்டோ எழுதிய 'கடன்பட்ட மனிதன்' பற்றிய நூலும் நீட்சேயின் தோளில் ஏறித்தான் இன்றைய நிதி மூலதனத்தைப் பார்க்கிறது.

எனக்கு இதில் ஒரு மறுப்பு உண்டு. வினையின் பொருளைப் பார்த்தால் நீட்சே சொன்னது பக்கத்தில்தான் வருகிறது, 'கொடுக்கவேண்டியிருப்பது' முதலில் இருந்தது. ஆனால் கொடுக்கவேண்டியது எல்லாம் பணம் இல்லை. காவலுக்குப் போவது, வரி, ரத்தப்பணம், விருந்துக்கு எதிர்விருந்து, உறவுக்குச் செய்முறை எல்லாம் அதற்குள் அடங்கும். 2011இல் டேவிட் கிரேபர் தன் 'கடன்' நூலில் இந்த வித்தியாசத்தைத்தான் அழுத்திச் சொன்னார். மனிதர்கள் ஒருவருக்கொருவர் பட்டிருப்பது ஒன்று. அதை எண்ணிக்கையாக மாற்றி, பின்னால் ஒரு தடியையும் நிறுத்துவது வேறொன்று. அந்த மாற்றம் எப்போது நடந்தது என்பதற்கு *ஸ்குல்டிஸின் நட்சத்திரம் பதில் சொல்லாது. ஆனால் அதன் வாரிசு ஒருவன் சொல்வான். அவனைப் பற்றி நீட்சே அந்தக் கட்டுரையில் பேசவில்லை.

6

அவன் பெயர் 'ஷுல்ட்ஹைஸ்'. 'ஷுல்ட்' என்பதோடு 'ஆணையிடு' என்கிற வினை சேர்ந்த கூட்டுச்சொல். கொடுக்கவேண்டியதைக் கொடு என்று ஆணையிடுகிறவன் என்று பொருள். பிரபுவுக்குச் சேரவேண்டியதை ஊரில் வசூலித்துக் கொடுத்து, சின்ன வழக்குகளையும் தீர்த்து வைத்த கிராம அதிகாரி. நம்மூர் வழக்கில் மணியக்காரர் என்று சொன்னால் கிட்டத்தட்டப் பொருந்தும். இத்தாலியில் ஆட்சி செய்த லொம்பார்டுகளின் 7ஆம் நூற்றாண்டுச் சட்டத்தொகுப்பு லத்தீனில் எழுதப்பட்டது. அதற்குள்ளும் இந்த அதிகாரியின் ஜெர்மானியப் பெயர் 'ஸ்குல்தாயிஸ்' என்று அப்படியே கிடக்கிறது.

இதுதான் என் கவனத்தை இழுத்தது. இந்தச் சொல்லின் குடும்பம் எழுத்தில் தலைகாட்டுகிற மிகப் பழைய இடங்களில் ஒன்று ஒரு மனிதனின் மனசாட்சி அல்ல, ஒரு வசூல்காரனின் பதவிப்பெயர். ஜெர்மன் குடியேற்றங்களோடு அந்தப் பதவி கிழக்கே போனது. போலந்தில் கிராமத் தலைவரை இன்றும் 'ஸோல்டிஸ்' என்றுதான் அழைக்கிறார்கள். ஜெர்மனியில் பதவி போய்க் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஷுல்ட்ஸ், ஷுல்ட்ஸே, ஷோல்ஸ் எல்லாம் அதன் தேய்ந்த வடிவங்கள். 2012 முதல் 2017 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவர் மார்ட்டின் ஷுல்ட்ஸ். 2018இல் ஜெர்மனியின் நிதியமைச்சராகி, 2021 முதல் 2025 வரை பிரதமராக இருந்தவர் ஓலாஃப் ஷோல்ஸ். இதை வைத்து ஜோசியம் சொல்லப் புறப்பட்டால் நானும் அந்தப் பத்திரிகைக்காரர்கள் கோஷ்டிதான். பெயர் யாரையும் எதுவும் ஆக்குவதில்லை. ஆனால் ஜெர்மன் பேசும் பிரதேசம் எங்கும் இந்தப் பெயர்கள் இவ்வளவு சாதாரணமாக இருப்பது, ஊருக்கு ஒரு வசூல்காரன் இருந்த காலத்தின் படிவு.

கடன் ஒருவனின் நெஞ்சுக்குள் தானாகக் குற்றமாக மாறுவதில்லை. மாற்றுவதற்கு ஒரு ஆள் வரவேண்டும். பதவியோடு, ஓலையோடு, ஊர் நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரலோடு வரவேண்டும். நீட்சே கொடுத்தவனையும் வாங்கினவனையும் பார்த்தார். நடுவில் நிற்கிற மூன்றாவது ஆளைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

7

கடனும் குற்றமும் ஒட்டிக்கொண்டது ஜெர்மானியரின் தனிச்சொத்தும் அல்ல. இயேசு பேசிய அரமேயத்தில் 'ஹோபா' என்ற சொல் கடனுக்கும் பாவத்துக்கும் பொது. கர்த்தர் ஜெபத்தை மத்தேயு கிரேக்கத்தில் எழுதும்போது கடன் என்றே எழுதினார், லூக்கா அதே இடத்தில் பாவம் என்று எழுதினார். 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா இதைக் கோதிக் மொழிக்குப் பெயர்த்தபோது நம் வேரிலிருந்தே 'ஸ்குலா', அதாவது கடன்பட்டவன், என்ற சொல்லை எடுத்தார். கடனை மன்னியும் என்பதாக இல்லாமல், கடன்பட்டவர்களாக நாங்கள் இருப்பதை விட்டுவிடும் என்கிற தொனியில் அந்த வாக்கியம் அமைகிறது. லூதரின் ஜெர்மனில் நம் சொல்லே நேராக வந்து உட்கார்ந்தது. ஆங்கிலத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகம் 'அத்துமீறல்' என்பதுபோன்ற ஒரு சொல்லைப் போட்டுக் காசு வாடையைக் கழுவிவிட்டது. தமிழிலும் இதே பிளவு உண்டு. புராட்டஸ்டண்டுகளின் பழைய மொழிபெயர்ப்பு மத்தேயுவில் 'கடன்' என்கிறது, கத்தோலிக்கரின் ஜெபம் 'பாவம்' என்கிறது. ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் ஒரு தீர்ப்பு. ஏழை கேட்பது கடன் தள்ளுபடியா, பாவமன்னிப்பா என்று தீர்மானிக்கிற தீர்ப்பு.

மொழிபெயர்ப்பு என்று வந்ததால் நம் சிற்றிதழ் உலகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீட்சேயும் ஃப்ராய்டும் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்தார்கள். ஆங்கிலம் குற்றத்தையும் கடனையும் இரண்டு சொல்லாக வைத்திருக்கிற மொழி. ஆகவே ஃப்ராய்டின் 'ஷுல்ட்கெஃப்யூல்' நம்மிடம் 'குற்றவுணர்வு' என்று வந்து சேர்ந்தது. அதிலிருந்த கடன் வழியிலேயே விழுந்துவிட்டது. குற்றவுணர்வு என்றதும் நாம் உளவியலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறோம். 'யாருக்கு என்ன தரவேண்டியிருக்கிறது, அதை யார் முடிவு பண்ணினான்' என்ற கேள்வி வெளியிலேயே நிற்கிறது. இனி மொழிபெயர்ப்பவர்கள் ஒரு அடிக்குறிப்பாவது போடட்டும்.

8

சொல் அல்ல, சொல்லைப் பிரயோகிக்கிற அதிகாரம்தான் கடனைக் குற்றமாக்குகிறது என்பதற்கு ஜெர்மனியின் சொந்தச் சரித்திரமே போதும்.

1919 வெர்ஸாய் ஒப்பந்தத்தின் 231ஆம் பிரிவு, போரின் இழப்புகளுக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்றது. குற்றம் என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. ஜெர்மனியில்தான் அதைப் 'போர்க்குற்றப் பிரிவு' என்று 'ஷுல்ட்' போட்டு அழைத்து, கட்டவேண்டிய இழப்பீட்டை இனத்தின் மேல் சுமத்தப்பட்ட களங்கமாக மாற்றினார்கள். 1921இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை 132 பில்லியன் தங்க மார்க். நாஜிகள் அந்தக் களங்கத்தை முதலீடாக்கிக்கொண்டார்கள். இரண்டாம் போருக்குப் பின் 1946இல் கார்ல் யாஸ்பர்ஸ் 'ஷுல்ட் பற்றிய கேள்வி' என்ற நூலில் சட்டக் குற்றம், அரசியல் குற்றம், ஒழுக்கக் குற்றம், அதற்கும் அப்பாற்பட்ட குற்றம் என்று நான்காகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். ஒரே சொல்லை வைத்துக்கொண்டே நான்கு பொறுப்புகளைப் பிரித்துப் பேச முடிந்தது. மொழி கையைக் கட்டிப் போடவில்லை.

1953 பிப்ரவரி 27ஆம் தேதி லண்டனில் கையெழுத்தான கடன் உடன்படிக்கை மேற்கு ஜெர்மனியின் வெளிக்கடனில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுபடி செய்தது. கையெழுத்துப் போட்ட கடன்காரத் தரப்பில் கிரேக்க நாடும் இருந்தது. அன்றைக்கு யாரும் ஜெர்மன் அகராதியைப் பிரித்துப் 'பாருங்கள், கடன் என்றால் குற்றம்' என்று பாடம் நடத்தவில்லை. பனிப்போருக்கு ஒரு பலமான மேற்கு ஜெர்மனி தேவைப்பட்டது, கடன் வெறும் கணக்காகிவிட்டது. முதல் போரின் பாக்கியில் மிஞ்சியிருந்த கடைசித் தவணையை ஜெர்மனி கட்டி முடித்தது 2010 அக்டோபர் 3ஆம் தேதி. அதே வருடம் மே மாதம்தான் கிரேக்கத்துக்கான முதல் 'மீட்புக் கடன்' வந்தது, 110 பில்லியன் யூரோ. கூடவே சம்பள வெட்டும் ஓய்வூதிய வெட்டும் வந்தன.

2015 ஜூலை 5ஆம் தேதி கிரேக்க மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 61 சதவீதம் பேர் கடன் நிபந்தனைகள் வேண்டாம் என்றார்கள். பத்து நாளுக்குள் நிபந்தனைகள் திணிக்கப்பட்டன. அதே 2015இல் கிரேக்க அரசு ஒரு பழைய பாக்கியையும் ஞாபகப்படுத்தியது. நாஜி ஆக்கிரமிப்பின்போது கிரேக்க மத்திய வங்கியிடமிருந்து கட்டாயமாக வாங்கப்பட்ட கடன் அது. எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று பெர்லின் சொல்லிவிட்டது. 'ஷுல்ட்' என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு கடன் உலகத்தில் உண்டென்றால் அதுதான். அங்கே மட்டும் சொல் வேலை செய்யவில்லை. கிரேக்க மொழியில் 'க்ரேயோஸ்' என்றால் கடன், கடமை இரண்டும். கடனைக் கடமை என்று சொல்லில் சேர்த்து வைத்தவர்களைச் சோம்பேறிகள் என்றும், குற்றம் என்று சேர்த்து வைத்தவர்களை உத்தமர்கள் என்றும் பத்திரிகைகள் எழுதின. சொல்லாராய்ச்சி எவ்வளவு வசதியாக வளைகிறது பாருங்கள்.

9

தமிழிலும் 'கடன்' என்றால் கடமையும்தான். புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என்று ஒவ்வொருவருக்கும் கடனைப் பங்கிடுகிறார். 'எங்கள் மொழியில் கடன் குற்றமில்லை, கடமை' என்று பெருமை பேசுவதற்கு முன்னால், அந்தப் பாட்டில் மகனின் பங்காக வருவது போர்க்களம் என்பதையும் பார்த்துவிடலாம். கடமை என்ற அர்த்தமும் அப்படியொன்றும் அப்பாவி இல்லை. உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்று வேர் தேடுகிறவர்கள் *ஸ்குல்டிஸையும் நம்ம வீட்டுப் பிள்ளை ஆக்கிவிடக்கூடும். வேண்டாம். அதனால் ஒரு கடனாளிக்கும் ஒரு தவணைகூடக் குறையப்போவதில்லை.

1976ஆம் வருடத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஒரு காரியம் செய்தது. கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்டுகிற பொறுப்பே அழிந்துவிட்டது என்றது. குறைத்துக்கொள், தவணை போட்டு வாங்கிக்கொள் என்றெல்லாம் சொல்லவில்லை, இனி அப்படியொரு கடனே இல்லை என்றது. சட்டப் புத்தகத்தில் இது ஒரு வரி. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிவிட்டுக் குடும்பத்தோடு அடைபட்டிருக்கிறவரிடம் போய் இதைச் சொன்னால் 'வாங்கினது வாங்கினதுதானே சார், கட்டாம எப்படிப் போறது' என்பார். சட்டம் அழித்த கடன் அவருடைய நெஞ்சில் அழியவில்லை. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவில் ஒருத்தி தவணை தவறினால் மற்ற பெண்கள் அவள் வாசலில் போய் நிற்கவேண்டிய ஏற்பாடும் இதே நெஞ்சை நம்பித்தான் நடக்கிறது. பதவிப்பெயர் இல்லாத ஷுல்ட்ஹைஸ்களாக அந்தப் பெண்களையே ஆக்கிவிடுகிறார்கள்.

அந்த நெஞ்சை மொழி உண்டாக்கவில்லை. பண்பாடு, ரத்தம், மரபு என்று எதுவும் தானாக உண்டாக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வாசலில் வந்து நின்ற குரல் உண்டாக்கியது. ஆகவே 'வாங்கின கடனைக் கட்டித்தானே ஆகணும்' என்று யாராவது சொன்னால், அது எந்த மொழியின் ஞானம் என்று வேர் தேடப் போகாமல், முதலில் மூன்று கேள்விகள் கேட்கலாம். கொடுத்தது யார்? எண்ணிக்கையை எழுதியது யார்? வாசலில் வந்து நிற்கிறவனுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?